டிராக்ஸ் எஃப்எம்: நீலத் தொடரிலிருந்து இன்றுவரை கேட்டு வரும் ஒரு நேயரின் அனுபவம்

டிராக்ஸ் எஃப்எம் முழு நேர ராக் வானொலி அல்ல. ஆனாலும் பினாங்கில் என் வயதுக்காரர்களில் பலருக்கு ராக் இசை அறிமுகமானது மலேசிய அரசின் வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ஆர்டிஎம்மின் ஆங்கில ஒலிபரப்பு வழியாகத்தான். அந்த ஒலிபரப்பின் பெயர் நீலத் தொடர் என்றிருந்த காலத்திலும் கேட்டேன், ரேடியோ 4 ஆனபோதும் கேட்டேன், 2005இல் டிராக்ஸ் எஃப்எம் ஆன பிறகும் கேட்டு வருகிறேன். பெயர்தான் மாறியதே தவிர நிலையம் ஒன்றே.

வேர் இன்னும் பழையது. 1946 ஏப்ரல் 1 அன்று ரேடியோ மலாயா தொடங்கியபோதே மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றோடு ஆங்கிலமும் இருந்தது. 1959இல் தலைமையகம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வானொலிப் பெட்டி. அப்பாவுக்குத் தமிழ்ச் செய்தி, அம்மாவுக்கு நேயர் விருப்பம். அவர்கள் கேட்டு முடித்த பிறகுதான் முள்ளைத் திருப்பும் உரிமை அண்ணனுக்கும் எனக்கும் கிடைக்கும். டீப் பர்ப்பிள், சிசிஆர், ஈகிள்ஸ் போன்ற மேற்கத்திய ராக் குழுக்கள் எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தார்கள். இசைத்தட்டு வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய கொடை!

அந்த வரிசையில் எங்களுக்கு நெருக்கமானவர்கள் அல்லிகேட்ஸ். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளான லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் 1960களின் கடைசியில் இந்தத் தீவில் தொடங்கிய குழு அது. முதலில் ஆங்கிலப் பாடல்கள் பாடினார்கள். ஹாங்காங் போய்ப் பாடித் திரும்பிய பிறகு, மலாய்ப் பாட்டால் நாடு முழுக்க அறியப்பட்டார்கள். டேவிட்டின் அந்தப் பெரிய சுருட்டை முடியை மறந்த மலேசியர் யார்? 2007இல் லோகநாதன் மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே சொந்தக்காரரை இழந்ததுபோல் வருந்தினார்கள். ராக் என்றால் வெள்ளைக்காரர் சங்கதி என்று யாராவது சொன்னால், முதலில் இவர்களைக் கேளுங்கள் என்பேன்.

முடி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1980களின் கடைசியில் சர்ச், விங்ஸ் போன்ற மலாய் ராக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. 1990களின் தொடக்கத்தில், நீளமுடி வைத்த ராக் பாடகர்கள் ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாது என்று அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் தடை போட்டார். அவர்கள் முடியை வெட்டிக்கொண்டுதான் திரையில் வர வேண்டியிருந்தது. ராக் ரசிகனாக எனக்கு அந்த முடிவில் இன்றும் உடன்பாடு இல்லை. பாட்டைக் கேட்பதற்கு முடியின் நீளம் எதற்கு?

இனி ஒலித்தரம். புதிதாக வருபவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். வட மாநிலங்களுக்கான ஒலிபரப்புக் கோபுரங்கள் கெடாவில் 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குனோங் ஜெராய் மலையில் இருக்கின்றன. எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் பக்கம் கடலைத் தாண்டித் தெளிவாக வந்துவிடும். தீவின் மறுபக்கமுள்ள பாலிக் பூலாவில் நிலைமை வேறு. ஜெராய்க்கும் அந்த ஊருக்கும் நடுவில் கொடிமலை (பினாங்கு ஹில்) நிற்கிறது. அங்கே இரைச்சல் கேட்டால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். ஏரியலை முழுதாக இழுத்து, ஜன்னல் ஓரமாக வைத்துப் பாருங்கள். அப்படியும் இரைந்தால் ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு வலுவான அலை தேவை, மோனோ பலவீனமான அலையிலும் தாக்குப்பிடிக்கும். கித்தார் இடமும் வலமும் பிரிந்து கேட்காதுதான், ஆனால் பாட்டு முழுதாகக் கேட்கும். மத்திய அலைக் காலத்து மங்கலான ஒலியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதுவே விருந்து.

ஆர்டிஎம் கிளிக் செயலியிலும் நேரலை உண்டு. வெளியூர்ப் பயணத்துக்கு நல்லது. வீட்டில் எனக்கு இன்னும் பெட்டிதான்.

1990களில் தனியார் நிலையங்கள் வந்த பிறகு தேர்வு கூடியது. லைட் எஃப்எம் பழைய ஆங்கில மெல்லிசைக்கு அருமை. ஆனால் உள்ளூர்க் குழுவின் பாட்டு ஆங்கில அறிவிப்போடு வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காக நான் டிராக்ஸுக்கே திரும்புகிறேன். இடைவிடாத ராக் வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. பேச்சு, செய்தி, வேறு வகைப் பாட்டு எல்லாம் கலந்து வரும். பொறுமையாகக் கேட்பவருக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆர்டிஎம்மிடம் எனக்கு ஓர் ஆசை உண்டு: அல்லிகேட்ஸ் தலைமுறையின் பழைய ஒலிப்பதிவுகளுக்கென்றே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அந்தக் கலைஞர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.