டெலிவரி பெல்ட்: சிசேரியன் தையலுக்குச் சரி, தொப்புள் வீக்கத்துக்கு?

மருந்துக்கடையில் ‘டெலிவரி பெல்ட்’ என்று கேட்டால் அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்துத் தருவார்கள், முன்பக்கம் வெல்க்ரோ. பாட்டிமார் பழைய பருத்திப் புடவையை மடித்து வயிற்றில் கட்டிவிட்டதன் கடைச்சரக்கு வடிவம்தான். சிசேரியனுக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இருமினாலும் எழுந்தாலும் தையல் இழுக்காமல் தாங்கிப் பிடிக்கும். அதற்காக வாங்கினால் காசு வீணில்லை, 5-க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். “தொப்புள் தள்ளியிருக்கு, பெல்ட் போட்டா உள்ள போயிடும்” என்று நம்பி வாங்குபவர்களுக்கு 1 கூட அதிகம்.

பழைய பாவாடை அளவைச் சொல்லி வாங்காதீர்கள். நின்றபடி, மூச்சை இயல்பாக விட்டபின் தொப்புள் மட்டத்தில் டேப் சுற்றி அளந்து, பெட்டியில் உள்ள சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். குள்ளமானவர்களுக்கு அகலப் பட்டை உட்கார்ந்ததும் விலாவில் இடித்து மேல்விளிம்பு சுருண்டுகொள்ளும். மல்லாந்து படுத்தபடிதான் போட வேண்டும், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கும்; பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்த, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையால் தாங்க முடியாமல் தும்மினாலே சிறுநீர் கசியும். கீழ்விளிம்பு தையல்மேல் உரசக் கூடாது. வெறும் தோலில் போட்டால் வேர்க்குரு உறுதி, உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

இனி தொப்புள். கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டுத் திசு இழுபட்டு மெலிகிறது. அதனால் இரண்டு விதமான கோளாறு வரும், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் தூக்குங்கள். தசை இரண்டாகப் பிரிந்து இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி, நடுவில் நீளமாக ஒரு மேடு என்றால் அது தசைப்பிரிவு. ஓட்டை கிடையாது, பிசியோதெரபி பயிற்சிதான் முதல் வழி. தொப்புளிலோ அதை ஒட்டியோ உருண்டையாக ஒரு வீக்கம், இருமினால் விரலில் முட்டுகிறது, படுத்தால் உள்ளே போகிறது என்றால் குடலிறக்கமாக (ஹெர்னியா: வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டை வழியே கொழுப்போ குடலோ வெளியே தள்ளுவது) இருக்கலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிசேரியன் தழும்பிலும் குடலிறக்கம் வருவதுண்டு.

போக வேண்டியது பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு. பெரும்பாலும் கையால் சோதித்தே சொல்லிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன், அதிலும் சீட்டில் ‘வயிற்றுச் சுவர்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வழக்கமான வயிற்று ஸ்கேன் கல்லீரல், சிறுநீரகம் என்று ஆழத்தில் பார்க்கும். தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் சின்ன ஓட்டை அதில் தப்பிவிடும், ரிப்போர்ட்டும் ‘நார்மல்’ என்று வந்துவிடும். படுத்தும் நின்றும், முக்கவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையின் அளவு சென்டிமீட்டரில் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும், சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான்.

பெரியவர்களுக்கு ஓட்டை தானாக மூடாது, பெல்ட் போட்டாலும் மூடாது. வலியில்லாத சிறிய குடலிறக்கம் என்றால் அவசரமில்லை. அடுத்த குழந்தை வேண்டும் என்றால் அந்தப் பிரசவம் முடியும்வரை மருத்துவர்கள் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள், மறு கர்ப்பம் தைத்த இடத்தை மீண்டும் இழுக்கும் என்பதால். ஓட்டை 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தையலோடு மெஷ் (ஓட்டையைத் தாங்கும் வலைத்துண்டு) வைப்பதே 2020-இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்கக் குடலிறக்கச் சங்கங்களின் பரிந்துரை. திறந்த முறையில் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர் மெஷ் படிய வேண்டும் என்பதால் 2 சென்டிமீட்டர் ஓட்டைக்கு 8 சென்டிமீட்டர் மெஷ். தசைப்பிரிவும் இருக்கும்போது ஓட்டையை மட்டும் வெறும் தையலால் மூடினால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும், அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அறுவைக்குப் பின் சில வாரம் குடம் தூக்கக் கூடாது. குழந்தையை எப்போதிலிருந்து தூக்கலாம் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு, அதுவரை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கத் தடையில்லை.

குடலிறக்கத்தோடு பெல்ட் போடுபவர்கள் வீக்கம் உள்ளே போனபின்தான் போட வேண்டும். உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தாலோ, தோல் சிவந்தாலோ கருத்தாலோ, வாந்தி வந்தாலோ உள்ளே குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றுங்கள், அமுக்கித் தள்ளிப் பார்க்காதீர்கள், எதுவும் சாப்பிடாமல் அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.