தைப்பிங்கா, பகாங் காடா?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையாமல் போர் இன்னும் சில மாதம் நீண்டிருந்தால், மலாய்க்காரர்களின் விடுதலை எந்த வழியில் வந்திருக்கும்?

ஒன்று, இப்ராஹிம் யாக்கோபின் வழி. 1938இல் கேசத்துவான் மெலாயு மூடா என்ற மலாய் இளைஞர் இயக்கத்தைத் தொடங்கியவர் இவர். பிரிட்டிஷார் இவரைச் சிறையில் அடைத்தார்கள். 1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானியரும் இயக்கத்தைக் கலைத்தார்கள். ஆனாலும் விடவில்லை. 1945 ஆகஸ்ட் நடுவில் மலாயாவின் தைப்பிங் நகரில் இந்தோனேசியத் தலைவர்கள் சுகர்னோ, ஹத்தாவைச் சந்தித்து, இந்தோனேசியாவோடு சேர்ந்து விடுதலை பெறுவதைப் பேசினார். சில நாளில் ஜப்பான் சரண். 17ஆம் தேதி சுகர்னோ மலாயா இல்லாமலே இந்தோனேசிய விடுதலையை அறிவித்துவிட்டார். அவகாசம் கிடைத்திருந்தாலும் சுல்தான்களும் சீனர்களும் ஒத்துக்கொள்வது கஷ்டம்தான்.

இன்னொன்று, மலாயாவின் பகாங் மாநிலத்தில் யோப் மஹிதின் திரட்டிய வாத்தானியா. பிரிட்டனின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இன் துணையோடு ஜப்பானியரை எதிர்த்த மலாய்ப் படை. பிரிட்டனை நம்பியிருந்தது பெரிய குறைதான். சரி, இருந்தும் ஊர் மக்களிடையே வேர்விட்ட இந்தப் படைதான் நிலைத்திருக்கும் என்பது என் கணிப்பு.