தோர்த்தியா: உருளையை வேகவைப்பதா, சிப்ஸைக் கொட்டுவதா?

ஸ்பெயினின் உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்த்தியாவுக்கு உருளை, முட்டை, ஆலிவ் எண்ணெய், உப்பு போதும். வெங்காயம் போடலாமா என்பது அங்கே தீராத சண்டை. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

வழக்கமான முறையில் அரைக் கிலோ உருளையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, மூழ்கும் அளவு எண்ணெயில், குறைந்த தீயில் 20 நிமிடம் போல வேகவிடுவார்கள். மொறுமொறுப்பு கூடாது, கரண்டியால் அழுத்தினால் உடைய வேண்டும். அவ்வளவு எண்ணெயா என்று பயப்பட வேண்டாம், பெரும்பகுதியை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். சூடு தணிந்த உருளையை அடித்த 6 முட்டையில் கால் மணி நேரம் ஊறவிடுவதில்தான் ருசியே இருக்கிறது.

2011இல் மூடப்பட்ட ஸ்பெயினின் எல் புல்லி உணவகத்தின் சமையல் கலைஞர் ஃபெரான் அட்ரியா பிரபலப்படுத்திய குறுக்கு வழியில் பச்சை உருளைக்குப் பதில் உருளைக்கிழங்கு சிப்ஸ். ஒரு சின்ன பாக்கெட்டை முட்டையில் கொட்டி 5 நிமிடம் ஊறவிட்டால் சரி. சிப்ஸிலேயே உப்பு உண்டு, தனியாகப் போட வேண்டாம். மசாலா சிப்ஸ் பக்கமே போகாதீர்கள்.

சிப்ஸ் தோர்த்தியா மெல்லியது, பொரித்த வாசனை தூக்கலாக இருக்கும். அவசர இரவுச் சாப்பாட்டுக்கு அதுவே போதும். ஆனால் வெட்டினால் அடுக்கடுக்காகத் தெரியும் அந்த வெண்ணெய் மென்மை அதில் வராது. விருந்தாளி வந்தால் நான் உருளைதான் சீவுவேன்.

கலவையை வாணலியில் ஊற்றி வேகவிட்டபின் திருப்புவது இரண்டுக்கும் ஒன்றுதான்: நடுப்பகுதி கொஞ்சம் தளதளவென்று இருக்கும்போதே வாணலியின் மேல் தட்டைக் கவிழ்த்து, தயங்காமல் ஒரே திருப்பு.