ஊசி, லூப், கைக்குள் குச்சி: பதினொரு வருசத்து நிறைக் கணக்கு

மூத்தவளின் பிங்க் நிற வளர்ச்சிக் கொப்பி இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. பிள்ளையின் நிறையைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னனாகச் சில எண்கள் எழுதியிருக்கும்: 54, 56, 58, 59½. அது பிள்ளையின் நிறை இல்லை, என்னுடையது. மாதாமாதம் அவளை நிறுக்கக் கொண்டுபோகிற இடத்தில், சனம் குறைந்த நேரம் பார்த்து நானும் தராசில் ஏறிவிடுவேன். "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறும் பிள்ளை, இல்லாட்டி செருப்புக்கும் சேர்த்துத்தான் காட்டும்" என்பா மிட்வைஃப் மிஸ். சீமெந்து நிலம் ஒரு பக்கம் சரிவு. தராசை இரண்டடி தள்ளி வைத்தால் அரைக் கிலோ கூடும் அல்லது குறையும். அதனால் ஒரே மூலையில்தான் வைத்து நிறுப்பேன்.

இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நானும் மற்ற ஆட்கள் மாதிரி "ஊசிதான் என்னை ஊத வைச்சது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்று கதை தொடங்கினால் இரண்டாவது வசனமே உடம்பு வைக்கிறதைப் பற்றித்தான். 2014 முதல் இன்று வரை ஊசி, கருப்பைக்குள் வைக்கிற லூப், கைக்குள் வைக்கிற குச்சி என்று மூன்றும் பாவித்தவள் நான். என் எண்கள் என்ன சொல்கின்றன என்று மட்டும் எழுதுகிறேன். உயரம் 153 சென்ரிமீற்றர், கலியாணம் கட்டும்போது நிறை 49. மிச்சத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் டெப்போ ஊசி. 2014 ஐப்பசியில் மூத்தவள் பிறந்தாள். ஆறு கிழமை கழித்துக் கிளினிக்கில் கேட்டபோது, பால் குடுக்கிற தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த குளிசை முதல் ஆறு மாதம் தரமாட்டோம், ஊசி போடலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கா 150 மில்லிகிராம். ஒவ்வொரு நாளும் நினைத்து விழுங்கத் தேவையில்லை, மாமிக்கும் தெரிய வராது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்கள். நிறை கூடலாம் என்று அன்றைக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

முதல் நான்கு மாதம் கண்டபடி துளித்துளியாகப் பட்டது. எட்டாம் மாதத்தோடு தீட்டு அறவே நின்றது. மாமிக்கு விளங்கிவிட்டது. "மாதா மாதம் போற ரத்தம் போகாட்டி எங்க போகும்? உள்ளுக்க தங்கித்தான் உனக்கு இந்த ஊத்தம்" என்றா. பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னா. நானும் ஒரு வருசம் வரை அதை நம்பி, கறிவேப்பிலையும் எள்ளும் இடித்துத் தின்றேன். பிறகுதான் மிஸ் ஒரு நாள் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினா. ஊசி பாவிக்கும்போது கருப்பையின் உட்தோல் தடிக்கிறதே இல்லை. தடிக்காவிட்டால் கழன்று வரவும் ஒன்றுமில்லை. தங்கி நிற்க அங்கே ரத்தமே கிடையாது.

அப்போது ஊத்தம் எங்கிருந்து வந்தது? என் விஷயத்தில் பானையிலிருந்து வந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்த பசியை எனக்கு எழுத்தில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பால் குடுக்கிறவளுக்குப் பசி வரும்தான், ஆனால் இது வேறு மாதிரி. இரவு எட்டு மணிக்குப் புட்டும் கறியும் சாப்பிட்டுப் படுப்பேன். பதினொன்றரைக்குப் பிள்ளை பாலுக்கு எழும்பும். அவளைத் தூங்கப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய், விளக்கைப் போடாமல், காலையில் பழஞ்சோறுக்கு என்று தண்ணி ஊத்தி வைத்த சோற்றைப் பிழிந்து, மிச்சக் கருவாட்டுக் குழம்பை வழித்து ஊத்தி, நின்றபடியே தின்பேன். சட்டியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் இவருக்குக் கேட்கக்கூடாது என்று விரலால் வழிப்பேன். விடிய மாமி பானையைப் பார்த்துவிட்டு "பூனை வந்ததோ?" என்று கேட்பா. நான் பூனையின் மேல்தான் பழி போட்டேன், மாதக்கணக்காக.

ஆறு மாதத்தில் 54-லிருந்து 58. இப்போது தெரிந்ததை அன்றைக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். இந்த ஊசி எல்லாரையும் ஒரே மாதிரிக் கொழுக்க வைக்கிறதில்லை. பல பேருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கின நிறையின் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறுகிறவர்கள்தான் தொடர்ந்தும் ஏறக்கூடியவர்கள். எனக்கு ஐந்து பங்கு என்றால் 2.7 கிலோ. நான் 4 ஏறியிருந்தேன். அமெரிக்காவில் இந்த மருந்தோடு வருகிற விளக்கத்தாளில் சராசரிக் கணக்கு இருக்கிறது: ஒரு வருசம் போட்டவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ, இரண்டு வருசத்தில் 3.7, நாலு வருசத்தில் 6.3. அதே தாளில் எலும்பின் அடர்த்தி குறையும் என்றும், வேறு முறை சரிவராவிட்டால் தவிர இரண்டு வருசத்துக்கு மேல் போடவேண்டாம் என்றும் இருக்கிறது. நான் மூன்று வருசத்துக்கு மேல் போட்டேன்.

2018 மாசியில் கடைசி ஊசி போட்ட அன்று நிறை 65. பதினொரு கிலோ. விளக்கத்தாளின் சராசரியை வைத்துப் பார்த்தால் ஐந்தாறு கிலோவை ஊசியின் கணக்கில் எழுதலாம். மிச்சம்?

மிச்சத்துக்குக் கதிரை காரணம். 2016-ல் நான் காமென்ற்ஸுக்குப் போகத் தொடங்கினேன். அதுக்கு முதல் தோட்டத்துக் கூலி. கச்சான் பிடுங்க, மிளகாய் ஆய, களை பிடுங்க என்று முதுகு வெயிலில் காயும். காமென்ற்ஸில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால் மெசினுக்கு முன்னால் குந்தி, கழுத்துப் பட்டி தைத்து, பின்னேரம் வீட்டு வாசலில் இறங்குவேன். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் சீனி போட்ட பால் தேத்தண்ணி, கூட ஒரு பணிஸ். கொப்பியில் பார்த்தால் தெரிகிறது: முதல் வருசம் ஐந்தரைக் கிலோ ஏறி, 2015 கடைசியில் கொஞ்சம் நின்று, காமென்ற்ஸுக்குப் போன ஆறாம் மாதத்திலிருந்து மறுபடி ஏறுகிறது. அப்போதெல்லாம் நான் திட்டினது ஊசியைத்தான். கதிரையை ஒரு நாளும் திட்டவில்லை, அது சம்பளம் தந்ததல்லவா.

ஊசியை விட்டால் இறங்கும் என்று நினைத்திருந்தேன். பசி அடங்கியது உண்மை, நாலைந்து மாதத்தில். ஏறின நிறை தானாக இறங்கவில்லை. பிள்ளை தங்கவும் நேரமெடுத்தது, கடைசி ஊசியிலிருந்து பதினொரு மாதம். பத்து மாதம் அளவில் ஆவது இந்த ஊசிக்கு வழமைதான் என்று பிறகு அறிந்தேன். அந்தப் பதினொரு மாதமும் "கர்ப்பப்பையைக் காயப் பண்ணிப்போட்டாய்" என்று மாமி பேசினதை இங்கே எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

சின்னவன் வயிற்றில் இருக்கும்போது குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனி கூட இருந்தது. அம்மாவுக்கும் சீனி வருத்தம், நானும் 65 கிலோவில் கர்ப்பமாகினவள். அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு சீனி வழமைக்கு வந்தது. ஆனால் பின்னுக்கு வரக்கூடும் என்று வருசா வருசம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் 2019 மார்கழியில் லூப் போட்டேன். செம்பு சுற்றினது, பத்து வருசம் வரை வேலை செய்யும், ஹோர்மோன் ஒரு துளியும் இல்லை. நிறை 67. இனி ஏறாது என்று நிம்மதியாக வந்தேன்.

2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு. காமென்ற்ஸ் பூட்டு. வீட்டில் நாலு பேர், ஒரு மூடை கோதுமை மா. காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, பின்னேரம் மறுபடி ரொட்டி, தேங்காய்ச் சம்பல், இடையில் பிளேன்டீயும் சீனியும். புரட்டாசியில் தராசு 71 காட்டியது. நான் இறங்கி, மூலையைச் சரிபார்த்து, மறுபடி ஏறினேன். 71. ஊசியைத் திட்டின வாயால் இப்போது எதைத் திட்டுவது? செம்புக் கம்பியையா?

2022-ல் பெற்றோல் இல்லாமல் ஸ்கூட்டி தாவாரத்தில் தூங்கியது. வரிசையில் இரவு பகல் நின்றும் கிடைக்காத காலம். இவரின் பழைய லுமாலாச் சைக்கிளைத் துடைத்து, ரியூப் ஒட்டி, வேலைக்குப் போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு கிலோமீற்றர் மிதித்தேன். மா விலை ஏறிப் பாணும் அருமையாகிவிட்டது. மரவள்ளியும் குரக்கன் ரொட்டியும் வாய்க்கால் ஜப்பான் மீனும்தான் சாப்பாடு. அந்த வருசத்தை நல்ல வருசம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க முடியாமல் அழுத வருசம் அது. ஆனால் ஐப்பசியில் நிறை 65½. அதே லூப்தான் உள்ளுக்குள் இருந்தது. ஒரே முறையை வைத்துக்கொண்டு நான்கு கிலோ ஏறி ஐந்தரை இறங்கினதை என் கொப்பியில் நானே எழுதியிருக்கிறேன்.

லூப்பை நான் விட்டது நிறைக்காக இல்லை. ரத்தப்போக்கு. முதல் மாதங்களில் கூடத்தான் இருக்கும் என்றார்கள், எனக்கு மூன்று வருசமும் அப்படியே. லைனில் மெசினை நிற்பாட்டிவிட்டு கக்கூசுக்குப் போக அனுமதி கேட்டுக் கேட்டு வெட்கம் விட்டுப்போச்சு. ஹீமோகுளோபின் 9.1-க்கு இறங்கியது. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கி வந்திருக்கிறேன், அது உடம்பில் சேரவிடாது என்று தெரியாமல். மூன்று மாதம் வீண்.

2023 மாசியில் கைக்குள் வைக்கிற ஜடேல். இதுக்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு. 2013-ல் எங்கள் மாவட்டத்துக் கரையோரக் கிராமங்கள் சிலதில் பெண்களுக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தாமல் இதை வைத்ததாக முறைப்பாடுகள் கிளம்பிச் செய்தியாக வந்தது பலருக்கு நினைவிருக்கும். "எங்கட சனத்தைக் குறைக்க வந்த சாமான்" என்றார் மாமா. அவருடைய பயத்தை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் இது நானே கேட்டுப் போன விஷயம். என்ன வைக்கிறீர்கள், எப்போது எடுக்கலாம், நான் வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுப்பீர்களா என்று மூன்று கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினேன். விறைப்பூசி போட்டு, மேற்கையின் உட்பக்கத்தில் இரண்டு குச்சி. நெருப்புக் குச்சி நீளம், தடவினால் தோலுக்குள் ஈர்க்குத் துண்டு கிடக்கிற மாதிரி. ஐந்து வருசத்துக்குப் போதும்.

வைக்கும்போது 66½, இப்போது 67½. இரண்டரை வருசத்துக்கு மேல் ஒரு கிலோ. அந்த ராப்பசி வரவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் சில மாதம் பன்னிரண்டு நாள் துளித்துளியாகப் படும், கோவிலுக்குப் போக நாள் பார்க்க முடியாது. நாடியில் பருவும் வருகிறது, இந்த வயதில்.

குளிசை நான் பாவித்ததில்லை. மச்சாள் இரண்டு வருசமாக மிதுரி என்கிற கலப்புக் குளிசை எடுக்கிறாள். முதல் மாதம் கால் வீங்கின மாதிரி இருந்ததாம், பிறகு சரி. அவளின் நிறை அசையவில்லை. கலப்புக் குளிசையைப் பற்றி 49 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீட்டிலும் பெரிய நிறை மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிரஷர் உள்ள ஆட்களுக்கு அது சரிவராது, அதனால் அவளுக்குக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பார்கள்.

தங்கச்சிக்குப் போன மாதம் பிள்ளை பிறந்தது. அவளுக்கும் ஊசி போடத்தான் விருப்பம். போடாதே என்று நான் சொல்லவில்லை. போடுகிற அன்று நிறையைப் பார்த்து எழுது, ஒவ்வொரு ஊசிக்கும் போகும்போது திரும்ப நிறு, இரண்டு ஊசிக்குள் மூன்று கிலோ ஏறினால் மூன்றாவதுக்குக் கையை நீட்டாமல் வேறு முறை கேள் என்று சொன்னேன். கொப்பி ஒன்றும் வாங்கிக் குடுத்திருக்கிறேன். பூனையின் மேல் பழி போடாதே என்றதுக்கு அவளுக்கு அர்த்தம் விளங்கவில்லை.

எனக்கு 2028 மாசியில் குச்சி எடுக்கவேண்டும். அதுக்குப் பிறகு என்ன செய்கிறது என்று இவரைக் கேட்டேன். "நீங்கள் ஒருக்கா செய்துகொண்டால் என்ன? ஆம்பிளைகளுக்கும் இருக்காம், சின்ன வெட்டுத்தானாம்."

"காலபோக வயலுக்குத் தண்ணி திறந்திட்டாங்களாம்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.