கொலு அகலுக்கு ஒரு 555 கிட்: எஸ்.பி. ரோடு கடையில் வாங்கியது

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுச் சந்து ஒன்றில் உள்ள சிறிய எலக்ட்ரானிக்ஸ் கடையில், எல்.இ.டி. விளக்கை மெல்ல ஒளிரவைத்து மெல்ல மங்கவைக்கும் கிட் ஒன்றைக் கொலுவுக்காக வாங்கினேன். காகித அகலுக்குள் வைப்பதற்கு, சட்டென்று எரிந்து சட்டென்று அணையும் விளக்கைவிட இதுவே பொருத்தம்.

நேரக் கணக்கை வைத்திருக்கும் 555 ஐ.சி. (சில்லு), மின்னோட்டத்தைப் பெருக்கும் பி.சி.547 டிரான்சிஸ்டர், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர், மின்னேற்றத்தைச் சேமிக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஆகியவையே இதன் முக்கியப் பாகங்கள். வழக்கமாக 555-இன் வெளியீடான மூன்றாம் காலில் விளக்கை இணைப்பார்கள். இதிலோ கெப்பாசிட்டரின் மின்னழுத்தத்தையே டிரான்சிஸ்டர் வழியாக விளக்குக்குத் தருகிறார்கள். 9 வோல்ட் பேட்டரியில் அது 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே நிதானமாக ஏறி இறங்க, டிரான்சிஸ்டரில் 0.7 வோல்ட் போக மீதி விளக்கை அடைகிறது. ஆறேழு விநாடிக்கு ஒருமுறை ஒளி வந்து போவது கண்ணுக்கு மிக இதமாக இருக்கிறது. சிவப்பு எல்.இ.டி. முற்றிலும் அணையாமல் மினுக்கென்று நிற்கிறது. ஏறக்குறைய 3 வோல்ட் கேட்கும் வெள்ளை விளக்கோ சிறிது நேரம் இருண்டுவிடுகிறது. அகலுக்குச் சிவப்பே நன்று.

ஒரே ஒரு குறை உண்டு, அது சிறியதன்று. ஐந்து விளக்குகள் வரை இணைக்கலாம் என்று கிட்டுடன் வரும் தாள் சொல்கிறது. அப்படி இணைத்தால் ஒளி ஏறி இறங்காமல் ஒரே அளவில் நின்றுவிடுகிறது. ஏனெனில் கெப்பாசிட்டரை நிரப்ப வேண்டிய சொற்ப மின்னோட்டத்தை டிரான்சிஸ்டரின் பேஸ் (அதைக் கட்டுப்படுத்தும் கால்) இழுத்துக்கொள்வதால், மின்னழுத்தம் 6 வோல்ட்டை எட்டுவதே இல்லை; எட்டினால்தான் ஏற்றத்தை நிறுத்தி இறக்கத்தைத் தொடங்கும் 555-உம் நிலை மாறுவதில்லை. கடையில் இதைச் சொன்னதும், "இன்னொரு 547 சேர்த்து டார்லிங்டனா போடுங்க சார், சரியாயிடும்" என்று கடைக்காரர் தமிழிலேயே விளக்கி, தாளின் பின்புறம் வரைந்தும் காட்டினார். ஒரு டிரான்சிஸ்டரின் வெளியீட்டை அடுத்ததன் பேஸுக்குக் கொடுக்கும் இந்த டார்லிங்டன் இணைப்பு, கெப்பாசிட்டரிடமிருந்து மிகச் சொற்ப மின்னோட்டமே எடுக்கும். அவர் சொன்னபடி செய்ததில் ஐந்து விளக்குகளும் ஒழுங்காக இயங்கின; இரண்டு டிரான்சிஸ்டர்களிலுமாக 1.4 வோல்ட் போய்விடுவதால், இப்போது சிவப்பு விளக்குகளும் முழுவதுமாக அணைந்து எரிந்தன. இவ்வளவு தெரிந்தவர் அந்த ஒரு வரியைத் தாளில் அச்சிட்டு, கூடுதல் டிரான்சிஸ்டர் ஒன்றையும் உறையில் போட்டுத் தரலாம். விவரம் அறியாத பிள்ளைகள் கிட்தான் பழுது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ரெசிஸ்டரை ஒன்றிரண்டாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவது இக்கடையின் சிறப்பு. வாங்குகிறவர்கள் கையோடு 9 வோல்ட் அடாப்டரும் வாங்கிக்கொள்வது நல்லது. விளக்கு மங்கியிருக்கும்போதும் 555 சில மில்லி ஆம்பியரை எடுத்துக்கொண்டே இருப்பதால், சதுர பேட்டரி ஒன்று நவராத்திரி ஒன்பது நாளுக்கும் தாங்காது.