மூன்றாம் வகுப்பறையில் ஏ.ஏ. கூட்டம்

மதுரையில் ஜாக்கெட் தைக்கிறவன் நான். இருபத்திரண்டு வருடத் தொழில். ஊசியில் நூல் கோக்கவே காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போயாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் இந்த ஏ.ஏ. கூட்டத்தைத் தேடிப் போனேன். போக ஆரம்பித்து பதினேழு மாதம் ஆகிறது. வேறு யாராவது இப்போது தேடிக்கொண்டிருக்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் பார்க்காத வழி இல்லை. கோயிலில் கயிறு கட்டினேன். ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நின்றேன். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் என்று சுவரில் எழுதியிருந்ததை நம்பி, என் மனைவி ஏதோ ஒரு பொடியைக் குழம்பில் கலந்தாள். என்ன மருந்து என்றே தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அப்புறம் ஒரு தனியார் இல்லத்தில் பணம் கட்டிச் சேர்த்தார்கள். 45 நாள் பூட்டி வைத்தார்கள். பூட்டைத் திறந்த அன்று சாயங்காலமே குடித்தேன்.

கடைசியில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். தினமும் குடிக்கிறவர்கள் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். அந்த நாட்களை மருந்தோடு கடந்த பிறகு டாக்டர் சொன்னார்: "உடம்பை நாங்க பாத்துக்கிட்டோம். இனி ஏ.ஏ.க்குப் போங்க."

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. 1935இல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில், குடியில் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இன்னிக்குக் குடிச்சிருக்கீங்களா?" இல்லை என்றேன். "சரி. குடிச்சிருந்தாலும் வாங்க" என்றார்.

சர்ச் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதில் மூன்றாம் வகுப்பு அறை. சுவரில் பூ, பழம், விலங்கு படங்கள். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது, முழங்கால் நெஞ்சை இடிக்கும். பதினாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். என்னை ஊரே குடிகாரன் என்றுதான் சொல்லியிருக்கிறது. நோயாளி என்ற சொல்லை அன்றைக்குத்தான் என் மேல் போட்டுப் பார்த்தேன்.

நடுவில் டீ வந்தது. ஊற்றிய பெரியவர் எல்லோருக்கும் தம்ளர் நிறைய ஊற்றினார். என்னிடம் வந்ததும் என் கையைப் பார்த்தார். அரைத் தம்ளர் ஊற்றிவிட்டு நகர்ந்தார். நிறைய ஊற்றியிருந்தால் அந்த நடுக்கத்தில் சட்டையெல்லாம் டீயாகியிருக்கும். குடித்து முடித்ததும் மீதி அரைத் தம்ளரைக் கொண்டுவந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வாரமும் நான் போனதற்கு அந்த டீதான் காரணம்.

அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. தன் கதையை மட்டும் சொல்வார்கள். ஒரு ஆட்டோக்காரர், பாட்டிலை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்ததைச் சொன்னார். நான் வெட்டுத் துணி மூட்டைக்குள் வைப்பேன். இருபது வருடமாக எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை முன்பின் தெரியாத மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை அறிவுரை கேட்டிருக்கிறேன், எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாட்கள் நன்கொடை கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கையெழுத்து வாங்குவதில்லை, ஜாதி, மதம் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். பிரார்த்தனை உண்டு. ஆனால் கடவுள் என்றால் அவரவர் உணர்ந்தபடி. சாமியே இல்லை என்கிறவரும் எங்களோடு ஒன்பது வருடமாக வருகிறார்.

குறை என்றால், எங்கள் குழு வாரத்தில் ஒரு நாள்தான் கூடுகிறது. எனக்கு அது போதாது, புதன்கிழமை இரண்டு பஸ் மாறி வேறு குழுவுக்குப் போகிறேன். பெண்கள் யாரும் வருவதில்லை. குடியோடு போராடும் பெண்கள் இல்லாமல் இல்லை. தனியாக அந்த அறைக்குள் நுழைவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குடும்பத்தாருக்கு ஆலனான் என்று 1951இல் தொடங்கிய தனி அமைப்பு இருக்கிறது, என் மனைவி அதற்குப் போகிறாள். ராத்திரி நான் உள்ளே நுழைந்ததும் வாயை மோந்து பார்ப்பதை ஒருநாள் அவளாகவே விட்டுவிட்டாள்.

மூன்றாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் குடித்தேன். வெட்கத்தோடு திரும்பிப் போனேன். "வந்துட்டீங்கள்ல, உக்காருங்க" என்றார்கள், அவ்வளவுதான். குடிக்காத நாட்களை ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன். இப்போது பதினான்கு மாதம்.

உங்கள் ஊரில் எங்கே நடக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் இலவசமாகக் கேட்கலாம். வாசலில் பெரிய போர்டு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நானே அந்த கேட்டை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். முதலிலேயே போன் செய்துவிட்டால் யாராவது ரோட்டுக்கு வந்து நிற்பார்கள்.