கொங்கடிக்குப் போட்டி மெரினோ இல்லை

தக்காணி ஆட்டின் கறுப்பு மயிரில் நெய்த போர்வைக்குத் தெலங்கானாவில் கொங்கடி என்று பெயர். தொட்டதுமே "என்ன இப்படிக் குத்துது!" என்பார்கள். குத்தத்தான் செய்யும். மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டின் இழைத் தடிமன் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடங்கும், தக்காணி 30-ஐத் தாண்டும். (நம் நீலகிரி ஆடு சுமார் 27, ஆனால் மந்தையே சிறுத்துவிட்டது.) கழுத்தில் படும் ஸ்வெட்டருக்கு மெரினோதான், அதில் பேச்சே இல்லை.

கொங்கடி உண்மையில் மோதுவது ஹரியானாவின் பானிபட் ஊரில் செய்யும் போர்வையோடு. உலகெங்கும் கழித்துப்போட்ட கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, பிய்த்து, மறுபடி நூற்று நெய்வது அது. சாயச் செலவும் மிச்சம். விலையில் அதை அசைக்க முடியாது. ஆனால் பிய்த்த இழை குட்டை, சீக்கிரம் உதிரும். இப்போது அதையே பாலியஸ்டர் போர்வை ஓரங்கட்டுகிறது. மெத்தென்று இருக்கும், துவைக்கச் சுலபம். நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். கடைக்காரர் "சுத்தக் கம்பளி" என்றால் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டு மயிரானால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பிளாஸ்டிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

கொங்கடிக்குக் கையால் நூற்று, பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, புளியங்கொட்டைப் பசை தடவி, குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து ஓட்டும் குழித்தறியில் நெய்கிறார்கள். அந்தப் பசை தரும் விறைப்பால்தான் மழையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கும் குருமர்கள் மந்தையோடு நிற்க முடிகிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் கம்பளி மேலுக்கு நனைந்ததாகத் தெரியாது. இவ்வளவு கைவேலைக்கு விலை கூடாமல் என்ன செய்யும்?

பெரிய சிக்கல் தறியில் இல்லை, மந்தையில். ஆண்டுக்கு இரண்டு முறை மயிர் கத்தரிக்க வேண்டும்; பல இடங்களில் மயிர் விற்ற காசு கத்தரிக்கும் கூலிக்கே காணாது. அதனால் கறிக்கென்று நெல்லூர் இனக் கிடாயைச் சேர்க்கிறார்கள், பிறக்கும் குட்டிகளுக்கு நெய்யத் தோதான மயிரே இல்லை.

கொங்கடியை மென்சால்வையாக்கி விற்கப் பார்ப்பது வீண்வேலை என்பேன். காலடியில் போடும் பொருளுக்கு முரட்டு இழைதான் தாங்கும். தரைவிரிப்பு, மெத்தைக்கு அடியில் போடும் விரிப்பு இதற்குப் பொருந்தும். ஹைதராபாத்தில் கொங்கடித் துணியில் காலணியே செய்கிறார்கள். போர்த்திக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், உள்ளே ஒரு பருத்தி வேட்டியைச் சேர்த்துப் போர்த்துங்கள், குத்தாது.